சிறைவாசலிலிருந்து வீட்டுவாசல் வரை: காஞ்சி வட்டாரத்தை முன்வைத்துச் சிறைச் சீர்திருத்த வரலாறு

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்று பெயர். அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்குள் போகும் மணிமேகலை முதலில் அங்குள்ளோரின் பசியைத் தீர்க்கிறாள். செய்தி சோழ மன்னன் காதுக்கு எட்டுகிறது. என்ன வேண்டும் என்று அவன் கேட்க, சிறைக்கோட்டத்தை ஒழித்து அந்த இடத்தில் அறம் நடக்க வேண்டும் என்கிறாள், அவனும் இசைகிறான். சில காதைகள் தள்ளி, மகனைப் பறிகொடுத்த அரசி இராசமாதேவியின் வஞ்சத்துக்கு ஆளாகி மணிமேகலையே காவலில் கிடக்க நேர்கிறது. விடுபட்டுப் பல ஊர் கடந்து அவள் வந்து சேரும் இடம் கச்சி மாநகர். பஞ்சத்தில் வாடிய அந்த நகரத்தாருக்குச் சோறிட்டதைக் காப்பியம் விரித்துச் சொல்கிறது. அந்தக் கச்சிதான் இன்றைய காஞ்சிபுரம். அதன் தெற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களோடு இருக்கிறது செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021 முதல் மாநகராட்சியின் பகுதி.

காப்பியத்தை வைத்துக்கொண்டு பழந்தமிழகத்தில் சிறைகள் ஒழிந்தன என்று வரலாறு எழுத முடியாது. ஆனாலும் சிறை என்ற அமைப்பைப் பற்றித் தமிழ் மனம் எதை யோசித்தது என்பதற்கு அது நல்ல சான்று. இதைவிடவும் நுட்பமான செய்தி சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இருக்கிறது. வார்த்திகன் என்னும் அந்தணனைப் பாண்டியனின் ஏவலர்கள் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையிலிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தெருவில் விழுந்து அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. மன்னன் விசாரித்து உண்மை அறிந்து வார்த்திகனை விடுவிக்கிறான். அதோடு நிற்காமல் திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். இந்தக் கதையில் மூன்று கூறுகள் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன: உள்ளே போனவனுக்காக வெளியே அழும் குடும்பம், தவறு கண்ட அரசின் விடுதலை, விடுதலையான பின் பிழைக்க ஒரு வழி. பின்னாளைய அரசுகள் முதலாவதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதை விழாக்காலச் சலுகையாக்கின. மூன்றாவதை மறந்தே போயின. காஞ்சி வட்டாரத்துச் சான்றுகளை வைத்து இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்று பார்ப்பதும், சிறைக்குப் போகும் தாய்மார்கள் விஷயத்தில் அதன் விளைவு எவ்வளவு கொடியது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் வேலை.

கல்வெட்டுக் காலத்துத் தண்டம்

சோழர் காலத்துத் தண்டனை முறையில் நெடுநாள் சிறைவாசம் முதன்மையான இடம் பெறவில்லை. கைப்பிழையாய் நேர்ந்த கொலைக்குக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளோ பசுக்களோ கொடுக்கும்படி சபையும் நாட்டாரும் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்திலும் அதைச் சுற்றியும் உண்டு. செய்த பிழைக்கு ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு அந்த ஊரிலேயே வாழும் முறை அது. இறந்தவன் வீட்டாருக்கு அது நியாயமாக இருந்ததா என்பது தனிக்கேள்வி.

ஆனால் அதே வட்டாரத்தில், காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வேறு முகம் காட்டுகின்றன. குடவோலை முறைக்காக நாம் பெருமையோடு சொல்லும் கல்வெட்டுகள்தாம் இவை. ஊராட்சிக் குழுவான வாரியத்துக்குத் தேர்வாகத் தகுதியற்றவர்களின் பட்டியலில், பாவம் செய்து அதற்குரிய பிராயச்சித்தமும் முடித்துத் தூய்மை பெற்றவர்களும் இருக்கிறார்கள். கழுவாய் முடிந்தது, சடங்கு முடிந்தது. ஆனாலும் உயிர் உள்ளவரை அவர்களுக்கு வாரியம் இல்லை. தண்டனை முடிந்த பிறகும் தொடரும் விலக்கு நம் பக்கத்தில் எழுத்தில் பதிந்த மிகப் பழைய இடங்களில் ஒன்று இதுவாகத்தான் இருக்கும். பொதுப் பணம் கையாளும் பதவிக்கு அப்படியொரு காப்பு வேண்டும் என்று வாதிடலாம். இன்று வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போதும் கூலி வேலைக்குப் போகும்போதும் அதே விலக்கு ஒரு பெண்ணின் முன்னால் வந்து நிற்கிறதே, அதற்கு எந்த வாதம் சொல்வது?

ஆங்கிலேயர் கட்டிய மதில்கள்

சிறைகளைப் பற்றிய மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பை அடுத்து அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் அறிக்கை தந்தது. கைதிகளைக் கல்வியாலும் நல்லுரையாலும் திருத்தலாம் என்ற எண்ணத்தை அந்தக் குழு ஏற்கவில்லை. அலுப்பூட்டும் கடும் உழைப்பே தண்டனையின் உயிர் என்று அது கருதியது. பிந்திய ஐம்பது ஆண்டுகளில் சேலம், திருச்சி, மதுரை, கடலூர், கோவை, பாளையங்கோட்டை என்று மத்தியச் சிறைகள் எழுந்தன. இவற்றின் செக்கும் கல்லுடைப்பும் நமக்கு வ.உ.சி. வழியாகத்தான் அதிகம் தெரியும். அவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தது, 1838ஆம் ஆண்டுக் கொள்கை எழுபது ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்ததன் சாட்சி.

மாற்றுக் குரல் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் ஃபிரை 1813 முதல் நியூகேட் சிறைக்குப் போய், தாய்மாரோடு அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து அதிர்ந்து, உள்ளேயே பள்ளி தொடங்கிய கதை அந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த மரபில் வந்த மேரி கார்ப்பெண்டர் 1866இல் இந்தியா வந்தார். சென்னை உட்படப் பல நகரங்களின் சிறைகளைப் பார்த்தார். சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைக்கக் கூடாது, பெண் கைதிகளுக்குப் பெண் காவலர் வேண்டும், கைதிகளுக்குக் கல்வி வேண்டும் என்று அரசிடம் தொடர்ந்து வற்புறுத்தினார். 1876ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு உண்டு. அந்தச் சட்டத்தின்படி 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி அமைந்தது. அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே சீர்திருத்தம் என்ற சொல் நிறுவன வடிவில் இந்த வட்டாரத்துக்கு வந்த ஆண்டு 1887 என்று கொள்ளலாம். சிறுவர்களுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து அனுப்புவது அதன் நோக்கம்.

இந்தப் பள்ளியின் நோக்கத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பிள்ளையைத் திருத்த வேண்டுமானால் பெற்ற வீட்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஏழைத் தாயே பிள்ளையின் கேட்டுக்குக் காரணம் என்ற எண்ணம் அந்தக் காலத்து ஆங்கிலேய நிர்வாகத்தில் ஊறிக் கிடந்தது. சென்னை மாகாணத்துக் குற்றப் பரம்பரைக் குடியிருப்புகளில் அது இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. முழுச் சமூகமும் பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டபோது, அந்தத் தாயின் மடியே பிள்ளைக்கு ஆபத்தான இடமாகக் கணக்கிடப்பட்டது. சென்னை மாகாணம் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கைவிட்டன. எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை.

1919இல் அமைந்த இந்தியச் சிறைக் குழுவின் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ. சென்னை மாகாண ஆட்சிக் குழுவில் இருந்தவர். அதே ஆண்டில் சில நாட்கள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். கைதியைத் திருத்தி மீண்டும் சமூகத்தில் சேர்ப்பதே சிறை நிர்வாகத்தின் நோக்கம் என்று அரசு ஆவணத்தில் தெளிவாகப் பதிந்தது இந்தக் குழுவின் அறிக்கையில்தான். இதையொட்டிச் சென்னை மாகாணம் மற்ற மாகாணங்களை முந்திக்கொண்டு நடந்தது. 1920இல் சிறுவர் சட்டம், 1926இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936இல் நன்னடத்தைக் காப்புச் சட்டம். சிறுவனுக்கு ஒன்று, இளைஞனுக்கு ஒன்று, முதன்முறை தவறிழைத்தவனுக்கு ஒன்று. நியாயமான அடுக்கு. தாய்க்கென்று அதில் ஒன்றும் இல்லை.

வேலூரில் ஒரு கைக்குழந்தை

பெண் கைதிகளுக்கான மாகாணச் சிறை வேலூரில் இருந்தது. சுதந்திரப் போராட்டம் வந்தபோதுதான் அந்தச் சிறையின் உட்புறம் எழுத்தறிந்த உலகத்துக்குத் தெரிய வந்தது. வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் சிறைப்பட்ட ருக்மிணி லட்சுமிபதியும், துர்காபாய், அம்புஜம்மாள் போன்றவர்களும் அங்கே இருந்தார்கள். தாய்மை என்ற கோணத்திலிருந்து பார்த்தால் இவர்களுள் கடலூர் அஞ்சலையம்மாளின் வரலாறு தனித்து நிற்கிறது.

1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்கு அஞ்சலையம்மாள் தன் சிறுவயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயும் மகளும் கைதானார்கள். காந்தியடிகள் பிறகு அந்தச் சிறுமியைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயரிட்டார். 1930களின் தொடக்கத்தில் அஞ்சலையம்மாள் மீண்டும் வேலூர்ச் சிறைக்குப் போனபோது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்காக அரசு அவரை வெளியே அனுப்பியது. பிள்ளை பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மீதித் தண்டனையை முடிக்க அவர் திரும்பச் சிறைக்குள் போனார். அந்த மகனை ஜெயில்வீரன் என்றே அழைத்தார்கள்; ஜெயவீரன் என்றும் வழங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை பல. பிரசவம் சிறைக்கு வெளியே நடக்க வேண்டும் என்ற நடைமுறை 1930களிலேயே சாத்தியமாக இருந்திருக்கிறது. தாயை நம்பி வெளியே விட்டார்கள். அவரும் சொன்ன சொல் தவறாமல் திரும்பினார். பச்சை உடம்புக்காரியை உள்ளே அழைத்துக்கொண்ட கொடுமையும் நடந்தது. அஞ்சலையம்மாள் பின்னர்ச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவர் சிறையிலிருந்து வந்தபோது ஊர் மாலை போட்டு வரவேற்றது. அதே வேலூர்ச் சிறையில் அதே ஆண்டுகளில் பசிக்குத் திருடியோ, அடி தாங்காமல் கணவனைத் தாக்கியோ வந்த தாய்மார்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது எந்தத் தலைவரின் தன்வரலாற்றிலும் மையச் செய்தியாக வரவில்லை. அரசியல் கைதிக்குச் சிறை ஒரு பட்டமாக இருந்தது; மற்றவளுக்கு அது ஆயுள்முழுக்கக் கறை. சிறைப்பட்ட தாய்க்கு ஊர் திரும்பும் வழி இருக்கிறதா இல்லையா என்பதை மதிலுக்கு வெளியே உள்ளவர்களின் பார்வையே பெரிதும் முடிவு செய்கிறது என்பதற்கு, ஒரே கட்டடத்துக்குள் நடந்த இந்த வேறுபாட்டைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1992 முதல் 2006 வரை

விடுதலைக்குப் பிறகான குழுக்களின் பட்டியல் நீளம். நீதிபதி முல்லா குழு 1980 முதல் 1983 வரை நாட்டின் சிறைகளை ஆராய்ந்தது. பெண் கைதிகளுக்கென்றே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1987இல் அறிக்கை தந்தது. 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையைக் கவனித்தவர் அவர். மனிதத்தன்மை மிக்க அறிக்கை. பெரும்பகுதி அலமாரியில் தங்கிவிட்டது.

தமிழகத்தில் 1992ஆம் ஆண்டு இரண்டு தனித்தனி நிகழ்வுகளில் தாயும் சேயும் சிறையும் ஒன்றாக வந்தன. ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கைதானவர்கள் 133 பேர். அவர்களில் பெண்கள் 90, குழந்தைகள் 28. தாய்மாரோடு பிள்ளைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 அரசு ஊழியர்களைக் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. குற்றம் செய்தவர்கள் வெளியே இருக்க, குற்றத்துக்கு ஆளானவர்கள் இடுப்பில் பிள்ளையோடு உள்ளே இருந்த ஊர் அது. சீர்திருத்தம், மறுவாழ்வு என்று பேசும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காவலில் இருக்கும் தாய் திருந்த வேண்டியவள் என்ற முன்முடிவு எப்போதும் பொருந்தாது.

மற்றொன்று, காஞ்சிபுரத்துக்கு அருகில் ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்த ராஜீவ் காந்தி கொலையை ஒட்டியது. அந்த வழக்கில் கைதானபோது கருவுற்றிருந்த நளினிக்கு 1992இல் காவலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. பின்னர் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தை தாயும் தந்தையும் அற்றுப் போய்விடக் கூடாது என்று சோனியா காந்தியே வேண்டியதை அடுத்து, 2000இல் தமிழக ஆளுநர் அந்தத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். அந்த வழக்கில் அரசியல் சார்ந்து யார் என்ன நிலை எடுத்திருந்தாலும், ஒரு குழந்தையின் இருப்பு தண்டனையின் அளவை மாற்றியது என்பது சட்ட வரலாற்றில் பெரிய செய்தி. குடும்பம் தீர்ப்புக்கு வெளியே நிற்கும் பொருள் என்ற பழைய வழக்கத்தில் அங்கே ஒரு விரிசல் விழுந்தது.

இந்த விரிசலை அகலமாக்கியது 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆர்.டி. உபாத்யாய் வழக்கின் தீர்ப்பு. தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் அமர்வு. இந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பேன். சிறையில் தாயோடு வளரும் பிள்ளைகளைப் பற்றி அதில் வரும் செய்திகள் நெஞ்சைப் பிசையும். பெண்கள் கொட்டடியிலேயே வளர்ந்த ஆண் பிள்ளைகள் பெண்பாலில் பேசுகிறார்கள். சாலையில் போகும் ஆடு மாடுகளைக் கண்டு பயப்படுகிறார்கள். ஆண் என்றாலே மிரளும் பிள்ளைகளும் உண்டு. வீடு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

தீர்ப்பு விதித்தவை திட்டவட்டமானவை. கருவுற்ற பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் முன் பிரசவத்துக்கு வேண்டிய வசதி அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயன்றவரை பிரசவம் வெளி மருத்துவமனையில் நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகச் சிறையைக் குறிக்கக் கூடாது. பெயர் சூட்டும் சடங்குக்கு இடம் தர வேண்டும். பிள்ளையைக் கைதியாக நடத்தக் கூடாது. அதற்கென்று தனி உணவு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆறு வயது முடிந்த பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாகாது. பிள்ளையோடு சிறையிலிருக்கும் பெண்ணின் வழக்கை நீதிமன்றங்கள் முன்னுரிமை தந்து நடத்த வேண்டும். நான்கு ஆண்டு கழித்து, 2010 டிசம்பரில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகளும் இதே திசையில் போகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளை உள்ள தாய்மாருக்கும் முடிந்தவரை சிறை அல்லாத தண்டனை என்ற விதத்தில் அவை இன்னும் ஒரு படி மேலே.

செவிலிமேட்டிலிருந்து பார்த்தால்

இவ்வளவு நல்ல விதிகளும் ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் எப்படி வந்து சேர்கின்றன? காஞ்சிபுரத்தில் பெண்களுக்கான தனிச்சிறை இல்லை. இங்கே கைதாகும் பெண்ணை நடுவர் ரிமாண்டு செய்தால் வேலூருக்கோ புழலுக்கோ கொண்டுபோவார்கள். இரண்டுமே எழுபது, எண்பது கிலோமீட்டர் தொலைவு. மனுப் போட்டுக் கைதியைப் பார்க்கப் போகிறவர் அதிகாலையில் கிளம்பி, பஸ் மாறி, வரிசையில் நின்று, சில நிமிடம் பேசிவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்ப வேண்டும். அன்றைய கூலி போச்சு. கூடப் போகும் பிள்ளைக்குப் பள்ளியும் போச்சு.

தறியைப் பாருங்கள். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. கரையும் உடலும் தனித்தனி ஊடையால் ஓடி, பல்லுப் பல்லாகப் பிணைய வேண்டும். தறிக்குழியில் உட்காரும் நெசவாளி ஒருவரால் மட்டும் அது ஆகாது; கரைப்பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். தார் சுற்றுவது, அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது, பாவு போடும்போது உதவுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலை. இதற்குத் தனிக் கூலி கணக்கு கிடையாது. சேலைக் கூலியில் அது கரைந்துவிடும். அந்தப் பெண் ஒரு மாதம் இல்லையென்றால் தறி பாதியில் நிற்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்காது. 1990களிலும் அதற்குச் சற்றுப் பின்னும் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் உழைத்த கொடுமை பல ஆய்வுகளில் பதிவானது. இன்று அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தாய் காவலில், கடன் தலைமேல், கரைப்பக்கம் ஆள் இல்லை என்றால் பள்ளிக்கூடத்தை விட்டு யார் வந்து உட்காருவார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும். வாடகை வீட்டில் தறி போட்டவர்களுக்குச் சொத்து வரி ரசீதோடு வந்து நிற்கும் சொந்தக்காரர் எளிதில் அமைவதில்லை. ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் விசாரணைக் கைதியின் பிணைக்காக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையும் தர வழி செய்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக விண்ணப்பம் போக வேண்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்கிறது. அந்த ஆண்டு முடிவில் 1,537 பெண்கள் 1,764 பிள்ளைகளோடு சிறையில் இருந்தார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளை எண்ணிவிட்டோம். வெளியே விடப்பட்ட பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை. ஆறு வயது தாண்டியவர்கள், தாய் விரும்பாமல் பாட்டியிடம் விட்டுப் போனவர்கள், பக்கத்து வீட்டில் தங்கியவர்கள், மூத்தவளே இளையவனுக்குத் தாயானவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். என் பார்வையில், 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பலவீனமான இடமும் இதுதான். ஆறு வயது முடிந்த பிள்ளையைத் தாய் சொல்லும் உறவினரிடமோ சமூகநலத் துறை இல்லத்திலோ விட வேண்டும். அந்த இல்லம் இயன்றவரை சிறை இருக்கும் ஊருக்கு வெளியே இருக்கக் கூடாது என்கிறது தீர்ப்பு. தாயை வாரம் ஒருமுறை பார்க்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி. செவிலிமேட்டுத் தாய் வேலூரில் இருந்தால் பிள்ளையும் வேலூர் இல்லத்துக்குப் போக வேண்டும். பள்ளி, தோழர்கள், பாட்டி எல்லாம் இங்கே. ஊரிலேயே இருந்தால் தாய் முகம் பார்க்க எழுபது கிலோமீட்டர். எதைத் தேர்ந்தாலும் பிள்ளை ஒன்றை இழக்கிறது. சிறை வீட்டுக்கு அருகில் இருந்தால் ஒழிய, அல்லது தாய் சிறைக்கே போகாமல் இருந்தால் ஒழிய, இந்தச் சிக்கல் தீராது.

இரண்டாவது வழியை வேறு நாடுகள் முயன்றிருக்கின்றன. நெல்சன் மண்டேலா 1994இல் குடியரசுத் தலைவர் ஆனதும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மாருக்குக் கொடுங்குற்றங்கள் நீங்கலாக மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். பிரேசில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், விசாரணைக் காவலில் உள்ள கர்ப்பிணிகளையும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரையும், வன்முறைக் குற்றங்கள் போன்ற சில விலக்குகளோடு, வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னது. நம் சட்டத்திலும் கதவு முழுக்க மூடியில்லை. ஜாமீன் மறுக்கத்தக்க கொடிய குற்றங்களிலும் பெண் என்பதால் ஜாமீன் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் நெடுங்காலமாக உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, ஆயுளோ மரணமோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாதபோது, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது.

தண்டனைக் கைதிகளை முன்கூட்டி விடுவிப்பதில் தமிழ்நாடு தாராளமாகவே இருந்திருக்கிறது. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவு சில ஆயுள் கைதிகளுக்குப் பதினான்கு ஆண்டு கட்டாயம் என்றபோதும், அரசமைப்பின் 161ஆம் கூறு ஆளுநருக்குத் தரும் அதிகாரம் அதனால் குறையவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பர் 15 அன்று 1,405 ஆயுள் கைதிகள் முன்விடுதலை பெற்றார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டிலும் 2021இலும் இதுபோன்ற அரசாணைகள் வந்தன. மதிலுக்குள் தொழிலும் வளர்ந்திருக்கிறது. கோவைச் சிறைத் தறிகளில் காவலர் சீருடைத் துணி நெய்கிறார்கள். சிறைச் சந்தைகளில் கைதிகள் செய்த பண்டங்கள் விற்கின்றன. 2023 ஆகஸ்டில் புழல் அருகே பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தது. சம்பளம் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்பும் தாய்க்குப் பிள்ளைகள் முன் தலை நிமிர்கிறது. இதையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன். அதே நேரம் செங்கல்பட்டை மறக்க முடியவில்லை. 1887இல் சீர்திருத்தத்துக்கென்று பள்ளி கண்ட ஊரில், 2022 டிசம்பர் இறுதியில் அரசு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக அங்குள்ள ஊழியர்கள் கைதானார்கள். அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். நியாயம் கேட்டு அலைந்தாள்.

விடுதலையாகி வரும் காஞ்சிப் பெண்ணுக்குத் தேவைப்படுவது புதிய தொழில் இல்லை. கைத்தொழில் அவளிடமே இருக்கிறது. நின்றுபோன தறியில் மறுபடி பாவு ஏற்ற யாராவது நம்பிப் பட்டும் சரிகையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்ய முடியும். காவலில் இருந்து திரும்பும் உறுப்பினருக்கோ உறுப்பினர் வீட்டுப் பெண்ணுக்கோ ஒரு பாவுக்கான மூலப்பொருளை முன்னுரிமையில் தருவதற்குத் தீர்மானம் ஒன்று போதும். விடுதலையாகி வருபவர்களுக்கான உதவிச் சங்கமும் நன்னடத்தை அலுவலரும் பட்டுச் சங்கச் செயலாளரைச் சந்தித்துப் பேசும் வழக்கம் ஏற்பட வேண்டும்.

நடுவர் முன் பெண்ணை நிறுத்தும் அன்றே இன்னொன்று நடக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, இன்றிரவு யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்டு ரிமாண்டு உத்தரவிலேயே எழுத வேண்டும். அதன் நகல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அன்றே போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. உபாத்யாய் தீர்ப்பு கேட்ட முன்னுரிமையைக் காஞ்சிபுரம் நீதிமன்ற வளாகத்தில் நாளைக்கே தொடங்கலாம்.